இரண்டு விசில்

அன்றைக்கு மத்தியானம் எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை கூடுதலாக இருந்தது.

மாதேஸ்வரன் இன்னொரு முறை எண்ணினார். இருபத்தொன்பது வருஷம் தருமபுரி–சேலம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும், நாலு பேரைச் சேர்த்துப் பார்த்தால் அவருடைய கண் முதலில் தலையை எண்ணும், பிறகுதான் யார் எவர் என்று பார்க்கும். கல்யாணப் பந்தியிலும் எண்ணுவார், சாவு வீட்டிலும் எண்ணுவார். இன்றைக்கு வீட்டில் இருந்தது அவரும், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி ராமக்காளும். அது போக, வழக்கம்போலக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்த ஏழு பேர். ஆக மொத்தம் ஒன்பது. அவருக்குப் பத்து வந்தது.

அந்த ஏழு பேரும் இல்லாதவர்கள். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வலது கைக் கட்டைவிரல் தானாக உருட்ட ஆரம்பித்தது. சேலத்து நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்றார். பிறகு நடை குறுகியது, கழுத்து முன்னால் குனிந்தது, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்ட குரல் பக்கத்து நாற்காலிக்குக் கூட எட்டாமல் போயிற்று. இதெல்லாம் உடம்பு, போகட்டும் என்று இருந்தார். போன வருஷம் கண் வேலையைக் காட்டியது. முதலில் கட்டிலுக்கு அடியில் ஒரு பூனை. பிறகு கதவோரம் யாரோ கடந்து போன மாதிரி ஒரு நிழல். அப்புறம் இந்த ஏழு பேர்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "இந்த நோய்ல இது வரும். நோயாலயும் வரும், மாத்திரையாலயும் வரும். மாத்திரையக் கொறைச்சா ஆளுங்க கொறைவாங்க, ஆனா கால் இன்னும் இறுகிப் போகும். அவங்க இல்லைன்னு உங்களுக்குத் தெரியற வரைக்கும் பயமில்ல. தெரியாமப் போற அன்னிக்கு உடனே வாங்க" என்றார். மாதேஸ்வரன் யோசிக்கவே இல்லை. கால்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏழு பேர் ஓசியில் உட்கார்ந்தால் வண்டி ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

எதிர்வீட்டு மாரியப்பன்தான், அவர்கள் தொப்பூர் கணவாயில் அடிபட்டுச் செத்தவர்களின் ஆவி என்று ஒரு கதையைக் கட்டினான். மந்திரித்த கயிறு வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னான். "செத்தவனுக்கு எதுக்குடா பஸ்ஸு? அவன் பாட்டுக்குப் போவான் வருவான்" என்று மாதேஸ்வரன் சொன்னது மாரியப்பனின் காதில் விழவில்லை. குரல் அவ்வளவுதான் இருந்தது. புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் சொல்வதையும் அவர் கேட்டிருக்கிறார். நோய் வந்தது மூளையில். அது வயிற்றில் வந்திருந்தால் இளநீர் வாங்கிக்கொண்டு வந்து பார்த்திருப்பார்கள்.

ஏழு பேரும் அவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். எல்லோரும் டிவி இருக்கும் சுவரைப் பார்த்தபடி, இரண்டு வரிசையாக. நாற்காலி இல்லாத இடத்திலும், சரியாக பஸ் சீட்டு உயரத்தில், முழங்கால் மடித்து. வெள்ளைத் துண்டு போட்டவர் ஒருவர், கொண்டையில் கனகாம்பரம் வைத்த ஒரு அம்மாள், வழுக்கைத் தலை, மப்ளர் சுற்றிய கிழவர், ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கும் ஒருவர், சிவப்பு ரிப்பனில் இரட்டைச் சடையை மடித்துக் கட்டிய இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். பின்சீட்டிலிருந்து இருபத்தொன்பது வருஷம் பிடரிகளையே பார்த்தவருக்கு அதில் பயப்பட ஒன்றும் இல்லை. எவருடைய முகமும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் ஆசைப்படவில்லை.

பத்தாவது ஆள் உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் நின்றது.

கண்ணால் பார்த்து அல்ல, முதுகால் தெரிந்தது. பின்படியில் ஒருவன் தொற்றினால் கண்டக்டர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, பாரம் ஏறியது தெரியும். அப்படித்தான் தெரிந்தது. வலது தோளுக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில், ஓர் ஆள் நிற்கிற பாரம். அவர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். அதுவும் கூடவே திரும்பி மறுபடி பின்னாலேயே போய் நின்றுகொண்டது. கண்டக்டருக்குப் பின்னால் எவனும் நிற்கக் கூடாது. அது கண்டக்டருடைய இடம்.

"ஏங்க, ரேசன் கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று ராமக்காள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "இன்னிக்குத்தான் பருப்பு போடறாங்களாம். மழ வேற கட்டிக்கிட்டு நிக்குது."

மாதேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். கை ஆடியது. காகிதமும் ஆடியது.

தினமும் காலையில் நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, நாலாக வெட்டிப் பையில் வைத்துக்கொள்வார். அதுதான் டிக்கெட். இந்த ஏற்பாடு போன ஆவணியில் வந்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் ராமக்காள் விளக்கேற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மூக்கு அவளுடையது, மூக்குத்தி அவளுடையது, ஆனால் வந்தது அவள் இல்லை என்று அவருக்குப் பட்டது. பட்டதென்ன, சத்தியமே செய்திருப்பார். அந்தக் கையை எட்டிப் பிடித்து முறுக்கி, யார் நீ, யார் நீ என்று கேட்டார். இரண்டு சிவப்புக் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறிய பிறகு, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அது ராமக்காள் ஆயிற்று.

ஓசூரிலிருந்து மகள் கோகிலவாணி அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். அம்மாவின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து அழுதாள். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிருவேன்ப்பா. உங்களுக்கு ஆள் வெச்சுக்கலாம்" என்றாள்.

"இன்னொரு தடவ ஆச்சுன்னா நீ கேக்கவே வேணாம். நானே ஏத்தி உட்டுர்றேன்" என்றார் மாதேஸ்வரன். அதை அவர் முழு மனசோடுதான் சொன்னார். அவள் இல்லாத வீட்டில் ஒரு நாள் தாங்க மாட்டார். ஆனாலும் சொன்னார்.

அழுதுகொண்டு உட்கார அவருக்குத் தெரியாது. கண் ஏமாற்றினால் என்ன, எந்தக் கண்டக்டரும் முகத்தைப் பார்த்து ஆளை நம்புவதில்லை. டிக்கெட் வாங்கினால் ஆள், வாங்காவிட்டால் ஆள் இல்லை. இல்லாதவர்களுக்கு நீட்டினால் எவரும் கை நீட்டுவதில்லை. அந்த ஏழு பேருக்கும் ஆளுக்கு இரண்டு தடவை நீட்டிப் பார்த்தாயிற்று. காகிதத்தை வாங்கக் கை வேண்டும். அது இருக்கிறவர்களிடம்தான் இருக்கும்.

ராமக்காள் துண்டை வாங்கி இடுப்பில் செருகினாள். "ஒரு தொப்பூர்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது அவரிடம் அவள் முதல் முதலாகப் பேசியதே அந்த இரண்டு வார்த்தைதான். இப்போது டிக்கெட் வாங்கும்போதெல்லாம் அதைச் சொல்வாள். உடனே துண்டை வெளியே எடுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இதுல ராகு காலம் போட்டிருக்குது. நல்ல நேரம் போட்டத குடுங்க."

"ஏறுனப்பறம் சீட்டு மாத்தக் கூடாது. உள்ள போ" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அவள் கண்ணாடி வளையல் போடுவதில்லை. கையில் இரண்டு கவரிங் வளையல்தான். "வரும்போது மூட்டையத் தூக்கிக்கிட்டு சுத்திக்கிட்டு வர முடியாது, பொறக்கடை கதவு வழியா வந்துர்றேன். நாலு மணி மாத்திரைக்கு வந்துருவேன். நீங்களா எந்திரிக்காதீங்க" என்று சொல்லி, முன்கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பின்னால் நிற்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவள் போக மாட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அதற்குக் காவல் காக்க வேண்டியதாகிவிடும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஃபேன் சத்தமும் ஃப்ரிட்ஜ் சத்தமும் இல்லாத வீட்டில் ஒவ்வொரு சின்னச் சத்தமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது; குழாயில் சொட்டும் தண்ணீர், ஓட்டுக் கொட்டகையில் அணில் ஓடுவது, நாலு வழிச்சாலையில் கியர் மாற்றும் லாரிகளின் முனகல், அவருடைய கட்டைவிரல் நாற்காலிக் கையில் தட்டித் தட்டி எழுப்பும் ஓயாத தாளம். மூன்று மணிக்கே வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுத்து, கூடத்தின் மூலைகள் ஒவ்வொன்றாக மங்க, அந்த ஏழு பிடரிகள் மட்டும் மங்காமல் அப்படியே தெளிவாக இருந்தன.

அப்புறம் அந்த வாசனை வந்தது. தொப்பூர் இறக்கத்தில் லோடு ஏற்றிய வண்டி பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கும்போது வருமே, லைனிங் கருகும் நாற்றம். மூக்கும் ஏமாற்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இது சாலைப் பக்கமிருந்து வரவில்லை. அவருடைய கழுத்துக்குப் பின்னாலிருந்து, சூடாக, விட்டு விட்டு வந்தது. யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

"யாரு" என்றார் மாதேஸ்வரன்.

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். கையை மடக்கித் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினார். பத்து எண்ணினார். இருபது எண்ணினார். எவரும் வாங்கவில்லை. கையைத் திருப்பிக் கொண்டுவந்து, ஆடிக்கொண்டிருந்த அந்தக் காகிதத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

"டிக்கெட் இல்லியா. அப்ப எறங்கிக்க" என்றார். துண்டைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார்.

மனசு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் இன்னொரு வழியும் இருந்தது. நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வார். ஒன்று விடாமல் சொல்ல முடிந்தால் அன்றைக்கு மூளை நல்ல மூளை. உதட்டுக்குள்ளேயே ஆரம்பித்தார். தருமபுரி. அதியமான்கோட்டை. நல்லம்பள்ளி.

நல்லம்பள்ளி.

அடுத்து என்ன? டோல்கேட் இருக்கிறது, புளியமரம் இருக்கிறது, இறங்குகிற ஜனங்களின் முகம் கூட வருகிறது, பேர் வரவில்லை. இருபத்தொன்பது வருஷம் கத்திய பேர். நாக்கு இருட்டில் சாவி தேடுகிற மாதிரி தேடியது. இதுதான் அவருக்கு எல்லாவற்றையும் விடப் பயம். ஆள் தெரிவது அல்ல, பேர் போவது.

"பாளையம்புதூர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மெதுவாக. அன்பாக.

ராமக்காளின் குரல்.

மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் முதலில் தனித்தனியாக, பிறகு ஒரேயடியாக. மாதேஸ்வரன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் போய் ஒரு மணி நேரம்தான் ஆகிறது. முன்கதவு திறக்கவில்லை. திறந்தால் கீல் கத்தும். மழைக்குப் பயந்து பாதியில் திரும்பி வந்துவிட்டாளா? கீல் கத்தியதை மழைச் சத்தத்தில் அவர்தான் கேட்கவில்லையா?

சுவர்க் கடிகாரம் நாலு ஆக இருந்தது. மாத்திரையின் பலம் இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கினால் காலில் சிமெண்டு ஊற்றிய மாதிரி ஆகிவிடும். மாத்திரை டப்பா சமையலறை அலமாரியில். இங்கே உட்கார்ந்து அதன் மூச்சை வாங்கிக்கொண்டிருப்பதைவிட எழுந்து போவது மேல் என்று முடிவு செய்தார். நாற்காலிக் கையை ஊன்றி மூன்றாவது முயற்சியில் எழுந்தார். கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்தார்.

அது அவருடைய பழைய விசில். உள்ளே உருளும் குண்டு விரிசல் விட்டது, ஊதினால் கரகரவென்று ஒரு தனிச் சத்தம் வரும். கால் நின்றுபோகிற நோய் முற்றியபோது, ஒரு நாள் வாசப்படியில் ஒட்டிக்கொண்டு நின்ற ஆத்திரத்தில், இதை எடுத்து இரண்டு விசில் ஊதினார். ரைட். கால் கிளம்பிவிட்டது. சத்தம் கொடுத்தால் கால் கேட்கும், நல்ல வழிதான் என்று சேலத்தில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணும் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் அவர் இரண்டு விசிலில் கிளம்புவார், ஒரு விசிலில் நிற்பார்.

இரண்டு விசில். கால் எழுந்தது. ஏழு பேருக்கும் நடுவில் இருந்த வழியில் பக்கவாட்டில் நடந்தார், கூட்ட வண்டியில் நடக்கிற மாதிரி. எவரும் திரும்பவில்லை. பின்னால் அதுவும் நடந்தது. அவர் ஒரு அடி, அது ஒரு அடி. அவருடைய செருப்பு தேய்கிற அதே சத்தம், அரைக்கணம் தாமதமாக.

சமையலறை வாசலில் கால் நின்றுவிட்டது.

அந்த நிலைப்படி எப்போதும் வம்பு செய்யும். மறுபடி ஊதினார். நகரவில்லை. மூச்சு போதவில்லை. விசில் வாயிலிருந்து நழுவி மார்பில் தொங்கியது. எதிரே புறக்கடைக் கதவு, அதற்கு இந்தப் பக்கம் அலமாரி, மாத்திரை டப்பா. பத்தடி கூட இல்லை. பத்து மைலாக இருந்தாலும் ஒன்றுதான்.

"ஏங்க. நின்னுட்டீங்களா?"

காதுக்குப் பக்கத்தில். அவளேதான். அந்தக் கடைசி எழுத்தை இழுக்கிற இழுப்புக் கூட.

"வந்துட்டியா" என்றார்.

"வந்துட்டேன். மாத்திரையப் போட்டுக்குங்க. ஒடம்பு என்னத்துக்கு ஆவறது."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை மாதிரி அந்தக் கரிசனம் அவருக்கு உறைத்தது. ராமக்காள் புறக்கடை வழியாகத்தான் வருவேன் என்றாள். அவள் எதிரேயிருந்து வர வேண்டியவள்.

பையிலிருந்த துண்டைப் பின்னால் நீட்டினார். "வாங்கு."

"அதுக்கென்ன இப்ப."

"வாங்கு."

"கால எடுத்து வைங்க."

"வாங்கு, ராமக்கா!" கெஞ்சலாகத்தான் வந்தது.

வலது தோளின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. கனமில்லை. ஈரம். ஓரக்கண்ணால் பார்த்தார். மணிக்கட்டில் சிவப்புக் கண்ணாடி வளையல். இரண்டு.

ஆவணியில் உடைந்தவை. துண்டுகளை அவர் கையாலேயே பொறுக்கி முறத்தில் போட்டவை.

ஒரு வெறி வந்தது. பயம் அவ்வளவு முற்றினால் வெறிதான். அந்தக் கையைப் பிடித்து முறுக்கி, எலும்பு முறிகிற சத்தம் கேட்கும் வரை முறுக்கி, யார் நீ என்று கேட்க அவருடைய பத்து விரலும் துடித்தன. அன்றைக்கும் இப்படித்தான் துடித்தன. அன்றைக்கும் இது அவள் இல்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்.

கண் பொய். மூக்கு பொய். காது பொய். வளையலும் பொய்யாக இருக்கலாம். கை மட்டும் அவளுடையதாக இருந்தால்?

"மாட்டேன்" என்றார் மாதேஸ்வரன்.

இடது கையால் நிலையைப் பிடித்தார். வலது கையையும் முன்னால் கொண்டுவந்து நிலையைப் பிடித்தார். மரத்தை நசுக்கிப் பிடித்தார். "நீ யாரா வேணா இரு. பேயா இரு, நோயா இரு, என் பொண்டாட்டியா இரு. நான் கைய வெக்க மாட்டேன். நின்னுக்க. என்னால எவ்வளவு நேரம் வேணா நிக்க முடியும், தெரிஞ்சுக்க."

குரல் அவருக்கே கேட்கவில்லை. ஆனால் தோளின் மேல் இருந்த விரல்கள் ஒரு கணம் அசையாமல் நின்றன. கேட்டிருக்கிறது.

புறக்கடைக் கதவு படாரென்று திறந்தது.

தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் பையோடு, முழங்கால் வரை சேறோடு ராமக்காள் உள்ளே வந்தாள். "அய்யோ, என்னா மழ! அந்தக் கைநாட்டு மிசினு வேற என் வெரலு வேணாம்னுடுச்சி. ஏங்க? எந்திரிக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்?"

மாதேஸ்வரன் நிலையிலிருந்து ஒரு கையைப் பிரித்தார். பையில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து நீட்டினார். கை ஆடிய ஆட்டத்தில் காகிதம் படபடத்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். வாங்கிக்கொண்டாள். "ஒரு தொப்பூர்" என்றாள்.

கவரிங் வளையல். காகிதம் அவள் விரலுக்கு நடுவில், அவருடைய விரலில் இல்லாமல். மாதேஸ்வரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டார். நோய் அவள் குரலைப் போட்டுக்கொண்டு வந்தும், அவள் வளையலைப் போட்டுக்கொண்டு வந்தும், அவர் கை வைக்கவில்லை. மகளுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்ல வேண்டும்.

"ஏன் அழுவறீங்க? என்னைப் புடிச்சுக்குங்க" என்று அவள் தன் மணிக்கட்டை அவர் கையில் கொடுத்தாள். ஆவணியில் தையல் போட்ட மணிக்கட்டு. தழும்பு அவருடைய விரலுக்கு அடியில் தட்டுப்பட்டது.

"ராமக்கா. எனக்குப் பின்னால யாராவது இருக்காங்களா, பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். "யாருமில்லீங்க."

தோளில் அந்தக் கை இருந்தது. இருக்கட்டும். இல்லாத கை.

"பின்னால ஒரு சீட்டு நீட்டுனேன். வாங்கல. கீழ கெடக்கும். எடு."

அதைப் பார்த்துவிட்டால் போதும். துண்டு தரையில் கிடந்தால் எல்லாம் சரி. நிலையைப் பிடித்தபோது கை நடுக்கத்தில் நழுவியிருக்கும், வேறெங்கே போகும்?

ராமக்காள் மணிக்கட்டை அவர் பிடியிலேயே விட்டுவிட்டு, அவருக்குப் பக்கவாட்டில் குனிந்து, அவர் காலுக்குப் பின்னால் தரையைத் துழாவினாள். நன்றாக நேரம் எடுத்துத் துழாவினாள். "இல்லீங்களே" என்றாள். "இங்க ஒன்னுமே இல்ல."

காகிதத்தை வாங்கக் கை வேண்டும்.

அப்போது விசில் ஊதியது.

இரண்டு தடவை. கரகரவென்று. விரிசல் விட்ட குண்டு.

அவருடைய விசில் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது.

"அட, ரைட்டு குடுத்தாச்சா?" என்றாள் ராமக்காள், குனிந்தபடியே, சிரித்துக்கொண்டு. "இருங்க இருங்க, எந்திரிச்சுக்கறேன்."

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

அவர் சொல்லி நகராத கால் எழுந்தது. லேசாக, முப்பது வயசுக் கால் மாதிரி. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள், அவர் சொல்லாமலே, இறுகின. பின்னால் கூடத்தில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிற சத்தம். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்ட ஜனங்களின் சத்தம்.

"ஏங்க, வலிக்குது."

இன்னும் இறுகின. தழும்பு விரலுக்கு அடியில் துடித்தது.

"ஏங்க!"

மாதேஸ்வரனின் கழுத்து ஆறு வருஷமாகக் குனிந்தே இருந்தது. குனிந்த கழுத்துக்கு மார்பில் தொங்கும் விசில் தூரமில்லை. உதட்டால் கவ்வினார். பல்லால் கடித்தார். நெஞ்சில் இருந்ததை எல்லாம் திரட்டி ஊதினார்.

ஒரே விசில்.

கால் அந்தரத்தில் நின்றது. விரல்கள் நின்றன. தளரவில்லை, ஆனால் நின்றன. கோயிலில், கல்யாண மண்டபத்தில், மூத்திரம் போகும் வழியில், நாலு பேர் பார்க்க அவரை நிறுத்தி நிறுத்தி மானத்தை வாங்கிய அந்த நோயை இப்போது அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நிற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மழை முடியும் வரை நிற்பார். விடியும் வரை நிற்பார்.

"பிரிச்சுக்க" என்று விசிலைக் கடித்த பல்லுக்கு இடையில் சொன்னார். "என் வெரல ஒன்னொன்னாப் பிரிச்சுக்கிட்டு ஓடு. கோகிலாவுக்குப் போன் போடு. வண்டிய நான் பாத்துக்கறேன்."

ராமக்காள் நிமிர்ந்தாள். அவருடைய வாயைப் பார்த்தாள், வாயில் இருந்த விசிலைப் பார்த்தாள். முதலில் கேட்ட இரண்டும் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. ஒரு விரலைப் பிரித்தாள். இரண்டாவது விரலில் கை வைத்தாள்.

அவருடைய தோளுக்குப் பின்னால், அரைக்கணம் தாமதமாக, யாரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்கள். ஈரமான குண்டு ஒன்று விசிலுக்குள் உருண்டது.

மாதேஸ்வரனும் மூச்சை இழுத்தார்.